பூவம்மா போட்ட குறி

நமுனுகுல மலையடியில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து டோபி மாரிசாமிக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் நூற்று அறுபது வீட்டுத் துணி அவருடைய துறையில் ஒன்றாக ஊறினாலும் ஒரு கோவணம் வழிதவறி வேறு வீட்டுக்குப் போனதில்லை. காரணம், குறி. சேங்கொட்டைச் சாற்றைச் சுண்ணாம்போடு குழைத்து ஊசி முனையில் தொட்டு, துணியின் மூலையில் வீட்டுக்கு ஓர் அடையாளம் வைப்பார்கள். கணக்கப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கோடும் ஒரு புள்ளியும். பெரிய கங்காணி வீட்டுக்கு ஏணி. துரையின் பங்களாவுக்கு ஒரு சிலுவையும் அதன் காலடியில் இரண்டு புள்ளியும். எத்தனை முறை வெள்ளாவியில் வைத்தாலும் அந்தக் கறுப்பு போகாது.

மனைவி பெரியாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு குறி போடுகிற வேலை மகள் பூவம்மாவிடம் வந்தது. மாரிசாமி துணியின் மூலையை இரண்டு கையாலும் விறைப்பாக இழுத்துப் பிடிப்பார். அவள் நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு புள்ளி வைப்பாள். அப்பாவின் கை கொஞ்சம் தளர்ந்தாலும் புள்ளி பரவிவிடும். அதனால் அந்த நேரத்தில் இரண்டு பேரும் மூச்சுகூட அளந்துதான் விடுவார்கள்.

ஊரார் துணிக்கெல்லாம் குறி இருந்தது. டோபி வீட்டுக்கு மட்டும் இல்லை. குறி போடுகிற அளவுக்கு அவர்களுக்குச் சொந்தமாக என்ன இருந்தது? துவைத்ததற்கும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் நடுவே இரண்டு நாள் கிடைக்கும். அந்த இரண்டு நாளில் எந்த வீட்டு வேட்டி கிடைக்கிறதோ அதைக் கட்டிக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம். தோட்டத்துக்கே தெரிந்த விஷயம். இதில் மாரிசாமிக்கு அதுவரை வெட்கம் என்று ஒன்று இருந்ததில்லை.

பூவம்மாவுக்கு இருந்தது. ஒன்பது வயதில் மாரியம்மன் திருவிழாவுக்கு அவளுடைய அம்மா ஒரு பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டாள். அது பெரிய கங்காணியின் மகள் புஷ்பத்தின் பாவாடை. தேர் பக்கத்தில் அந்தப் புஷ்பமே எதிரில் வந்து நின்றாள். என்னுடையது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் போகட்டும் என்று விடலாம். அவள் குனிந்து பாவாடையின் ஓரத்தைத் திருப்பி, ஏணிக் குறியைச் சுற்றி நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் காட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் சிரித்தார்கள், நிலைமையைச் சமாளிக்கிறேன் என்று மாரிசாமியும் சேர்ந்து சிரித்து வைத்தார். மற்றவர்கள் சிரித்ததைப் பூவம்மா எப்போதோ மறந்துவிட்டாள். அப்பா சிரித்ததை மறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் உடம்பில் அடுத்தவர் துணி ஏறவில்லை. இருக்கிற ஒன்றைத் துவைத்துப் போட்டுவிட்டு, அது காயும்வரை அடுப்பங்கரையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை முருகையா, பூனாகலைத் தோட்டத்து டோபி இராசையாவின் மகன். நல்ல பையன். கையிருப்போ இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி, அதாவது ஒன்றுமில்லை. அதைப் பற்றிப் பூவம்மா துளியும் கவலைப்படவில்லை. கல்யாணத்தை அவளே மனதுக்குள் நடத்தி முடித்துவிட்டிருந்தாள்.

"லயத்து வீட்டுப் பொம்பளைங்க ஆளுக்கு ஒரு கட்டு பன்னந்தழ காட்டுல வெட்டியாந்து தர்றேன்னுட்டாங்கப்பா. பந்தல் சுத்தி அத கட்டிப்புட்டா பச்சப்பசேல்னு இருக்கும். நாரத்தங்கா ஓட்டுல எண்ணெ ஊத்தி வெளக்கு வைக்கலாம். பூசணிக்காக் கொழம்பு, கித்துல் கருப்பட்டி போட்டு பாயாசம். போதும்."

"சேல?"

"கோழி வித்த காசு இருக்கு. ஒரு சுங்குடி எடுத்துக்கிறேன். புதுசு."

"மேல வெள்ள கட்டணுமே தாயி."

அதுதான் மாரிசாமியின் கவலை. கல்யாணப் பந்தலுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டுவது டோபியின் உரிமை. அந்தத் தோட்டத்தில் நாற்பது கல்யாணத்துக்குமேல் அவர் வெள்ளை கட்டியிருக்கிறார். ஊரார் துணியைத்தான் ஊரார் தலைக்குமேல் கட்டுவார். வேட்டியும் போர்வையும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு சுருக்கம் இல்லாமல் நிற்கிற நேர்த்தியைப் பார்க்கவே ஆள் வரும்.

பூவம்மா மூலையிலிருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அம்மாவோட செவப்புச் சேல பெட்டியில இருக்குல்ல, அதையே கட்டுங்க. அம்மா மேல இருந்து பாத்த மாதிரி இருக்கும்" என்றாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்ப்பா. குறி போட்ட துணி ஒண்ணுகூட என் கல்யாணத்துல இருக்கக் கூடாது. அது மட்டும் போதும்."

மாரிசாமி சரி என்றார். சொன்னவர் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் மனிதனுக்குப் பெருமை என்று ஒன்று இருக்கிறதே, அது காசில்லாதவனைத்தான் அதிகமாகப் படுத்தும். ஊருக்கெல்லாம் வெள்ளை கட்டினவன் மகள் கல்யாணத்தில் பழஞ்சேலையைக் கட்டிவிட்டான் என்று பூனாகலைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பது போல அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாளைக்கும் பேசுகிற மாதிரி ஒரு கல்யாணம் நடத்திக் காட்ட வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை மகளுக்காகவா தனக்காகவா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் கோபித்துக்கொண்டிருப்பார்.

பதுளைக்குப் போய் வடிவேல் கடை வாசலில் நின்றார். மல்லுத்துணி கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது. பந்தல் அளவைச் சொன்னதும் கடைக்காரர் கஜக்கோலை எடுக்காமலே விலையைச் சொல்லிவிட்டார். மாரிசாமி வெறுங்கையோடு திரும்பி நடந்தார்.

அந்த வாரம்தான் துரையும் துரைசாணியும் நுவரெலியாவுக்குப் போனார்கள். போவதற்கு முன்னால் பங்களாவிலிருந்து ஒரு பெரிய பொதி வெளுக்க வந்திருந்தது. அதில் மூன்று மேசைத்துணிகள். விருந்து நாளில் மட்டும் விரிப்பது. வெள்ளையிலேயே வெள்ளைப் பூ நெய்திருக்கும். வெளிச்சம் சாய்வாகப் பட்டால்தான் பூ தெரியும். மூன்றையும் சேர்த்தால் பந்தலுக்குக் கச்சிதமாக இருக்கும் என்று அவருடைய கண்ணே அளந்துவிட்டது. பங்களாவுக்குள் விரிப்பது, லயத்தில் எவன் பார்த்திருக்கப் போகிறான் என்று அவருடைய மூளை மிச்சத்தைச் சொல்லிக் கொடுத்தது.

மகளிடம், "வடிவேலு கடையில வெள்ளத்துணி குடுத்துட்டாங்க தாயி. பழகின மனுசன்னு சும்மாவே குடுத்தாரு" என்றார்.

பூவம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. "நெசமாவா? புதுசா?"

"புதுசு."

"அப்ப குறி போடாத துணி" என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன்னுடைய சுங்குடிச் சேலையை எடுத்து வந்தாள். அதன் மூலையைப் பிடிக்கச் சொன்னாள். அடுப்புக் கல் மாதிரி மூன்று புள்ளி வைத்தாள்.

"இது யார் வீட்டுக் குறி?" என்று மாரிசாமி கேட்டார்.

"என் வீட்டுக் குறி."

அந்த இடத்திலாவது அவர் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மகள் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டு அலைச்சல் என்று தானே சொல்லிக்கொண்டார்.

மணையில் உட்காரும்வரை மணப்பெண் பந்தலைப் பார்க்கக் கூடாது என்று மாரிசாமி அவளை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொன்னார். அப்படி ஒரு சாஸ்திரம் உலகத்தில் எங்கும் கிடையாது. அன்று காலையில் அவரே உண்டாக்கியது. மூன்று துணியையும் கஞ்சி போட்டு, தேய்த்து, தூக்கிக் கட்டினார். இரண்டு துணியின் குறியை உள்பக்கம் மடித்துத் தைத்துவிட்டார். மூன்றாவதைத் தைக்க நூல் போதவில்லை. அந்த மூலையைச் சுருட்டி, முன்பக்கத்து வாழைமரத்தில் குலைக்குப் பின்னால் செருகி வைத்தார்.

இதைப் படிக்கிற யாராவது துணி வெளுக்கிறவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இந்த இடத்தில் ஐயோ என்றிருப்பார். அப்போதுதான் வெட்டிய வாழையின் பக்கத்தில் எந்த டோபியும் வெள்ளைத் துணியைக் கொண்டுபோக மாட்டார். மற்ற எந்தக் கறையும் வெயிலுக்கோ உவர்மண்ணுக்கோ ஒருநாள் அடங்கிவிடும், வாழைக்கறை அடங்காது. நாற்பது கல்யாணத்திலும் வாழைமரத்துக்கு ஒரு சாண் தள்ளியே கட்டியவர் மாரிசாமி. அன்றைக்கு அவர் கண்ணுக்குக் குறி ஒன்றுதான் தெரிந்தது. அதை மறைத்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

பூனாகலையிலிருந்து வந்தவர்கள் பந்தலுக்குள் நுழைந்ததும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் வாயை மூட மறந்தார்கள். காலை வெயில் சாய்வாகப் பட்டு, மேலே பூப்பூவாகத் தெரிந்தது. சம்பந்தி இராசையா மட்டும் தொழில் தெரிந்தவர். மாரிசாமியின் பக்கத்தில் வந்து, "நல்ல எழ, சம்பந்தி. எங்க தொரை வீட்டுல இம்புட்டு நல்ல துணி இல்ல" என்று காதோடு சொல்லிச் சிரித்தார். அவரைப் பொறுத்தவரை அதில் குற்றம் ஒன்றும் இல்லை, பாராட்டுத்தான். மாரிசாமிக்குத்தான் முதுகில் வேர்த்தது.

பங்களாவில் சமைத்துப் பரிமாறுகிற அப்பு தங்கராஜாவும் வந்திருந்தார். அந்த மேசைத்துணிகளைத் தன் கையாலேயே விரித்து மடிக்கிறவர். அவரும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சாப்பிட்டு முடிக்கும்வரை இலையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அந்த மனுஷன் காட்டிய மரியாதையை நினைத்தால் மாரிசாமிக்கு அழுகை வரும் போலிருந்தது.

பூவம்மாவை அழைத்து வந்து மணையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்ததும் அவள் மேலே பார்த்து, அப்பாவைத் தேடி, அவரைப் பார்த்துச் சிரித்தாள். வடிவேல் கடைத் துணி என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. மாரிசாமியும் சிரித்தார்.

கஞ்சி கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலும். விறைத்த துணி செருகிய இடத்தில் நிற்கவில்லை. மேளம் வேகமெடுத்து, முருகையா தாலியைக் கையில் வாங்குகிற நேரத்தில், வாழைக்குலைக்குப் பின்னாலிருந்து அந்த மூலை மெல்ல நழுவி வெளியே வந்து தொங்கியது. மணையில் இருந்தவளுக்கு நேர் எதிரில், இரண்டு முழத் தூரத்தில். ஒரு சிலுவை, அதன் காலடியில் இரண்டு புள்ளி. பூவம்மா தன் கையால் வைத்த புள்ளிகள். பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குக் கறை.

வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லாரும் தாலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிசாமி மகளைப் பார்த்தார். அவள் குறியைப் பார்த்தாள், அப்பாவை ஒருமுறை பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்தில் தாலி ஏறியபோதும் அவள் நிமிரவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண், கண் கலங்கத்தானே செய்யும் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மாரிசாமி கையில் வைத்திருந்த அட்சதையைப் போடவில்லை. விரலிடுக்கில் அது மஞ்சளாகப் பிசுபிசுத்தது. பெற்ற மகளுக்கு அரிசி போடக்கூட எனக்கு யோக்கியதை இல்லையே என்று நின்றார்.

புறப்படும் நேரத்தில் அவள் காலில் விழுந்து எழுந்தாள். ஏதாவது கேட்பாள், திட்டுவாள், அழுவாள் என்று அவர் பயந்துகொண்டிருந்தார். பூவம்மா தாழ்ந்த குரலில், "வாழக்கற பட்டிருக்குப்பா. காயறதுக்குள்ள எலுமிச்சம்பழம் வச்சு தேச்சிருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவின் சிவப்புச் சேலையைத் தன் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு, எல்ல ஊர்ப் பக்கம் போகிற பாதையில் மாப்பிள்ளை வீட்டாரோடு நடந்தாள்.

எலுமிச்சம்பழம் தேய்த்தார். உவர்மண் பூசினார். ஒன்பது நாள் வெயிலில் போட்டு, நீர் தெளித்து, மறுபடி போட்டார். கறை கறுப்பிலிருந்து பழுப்புக்கு வந்து அங்கேயே நின்றது. பிறகு துரையும் துரைசாணியும் வந்துவிட்டார்கள்.

பங்களாவின் பின்வாசலில் துரைசாணி துணியை விரித்துப் பார்த்தாள். பக்கத்தில் அப்பு தங்கராஜா நின்றார். துரைசாணிக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும். கூலியாட்களிடம் பேசக் கற்றுக்கொண்ட தமிழ்.

"இது என்ன டோபி?"

நேரே நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மாரிசாமி அங்கே வந்திருந்தார். வழியெல்லாம் அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

"எம் மகளுங்க அம்மா. கல்யாணப் புள்ள. அவசரத்துல பாக்காம வாழ மரத்தடியில காயப் போட்டுருச்சு."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. சிந்திக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தன் வேலை போய்விடக் கூடாது என்று, ஊரில் இல்லாத மகளின் தலையில் தூக்கி வைத்துவிட்டார். ஒருநாளும் ஒரு துணியையும் கறைபட விட்டிருக்காத மகள்.

துரைசாணி சிரித்துவிட்டாள். "கல்யாணப் பொண்ணு. அதுக்கு கண்ணு வேற எடத்துல" என்றாள். துணியை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். "எனக்கு வேணாம். அந்தப் பொண்ணுக்கு குடு. என் பரிசு சொல்லு. போ."

அப்பு தங்கராஜா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தன்று இலையைப் பார்த்த அதே பார்வை. மாரிசாமிக்கு அந்தப் பின்வாசல் படியிலேயே பூமிக்குள் போய்விடலாமா என்று இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், வேலையைப் பிடுங்கியிருந்தால்கூட எப்படியோ தாங்கியிருப்பார். பரிசு கொடுத்துவிட்டாளே.

தோட்டத்தில் விடியற்காலை ஆள் எண்ணுகிற பெரட்டுக்களத்தில், தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில், எங்கும் அந்தக் கல்யாணப் பேச்சுத்தான். மாரிசாமி மகளுக்கு வெள்ளை கட்டின மாதிரி இந்த மலையிலேயே எவனும் கட்டினதில்லை என்றார்கள். அவர் ஆசைப்பட்டபடி கல்யாணம் எல்லார் மனதிலும் நின்றுவிட்டது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவர் கல்லில் துணியை ஓங்கி அடிப்பார், வேறெதுவும் கேட்காதபடி.

ஒரு மாதம் மேசைத்துணி அவர் வீட்டு மூலையில் இருந்தது. துரைசாணி ஒருநாள், "பொண்ணுக்கு குடுத்தது?" என்று கேட்டுவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எல்ல இறக்கத்தைத் தாண்டி, மறுபடி ஏறி, பூனாகலை போய்ச் சேரப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

பூவம்மா வாசலுக்கு வந்து, "வாங்கப்பா" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். முருகையா துறையில் இருந்தான். மாரிசாமி வீட்டுக்குள் வந்து நிமிர்ந்து பார்த்தார். தகரக் கூரைக்குக் கீழே, புகைக்கரி விழாமல் பெரியாயியின் சிவப்புச் சேலை நான்கு மூலையும் இழுத்துக் கட்டியிருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

துணியை அவள் மடியில் வைத்தார். அவள் பிரித்தாள். குறியையும் கறையையும் பார்த்தாள்.

"தொரசாணி உனக்குப் பரிசா குடுத்தாங்க."

"என்ன சொல்லி வாங்குனீங்க?"

சும்மா கொடுத்தார்கள் என்று சொல்லலாம். அதுவும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மேலே அந்தச் சேலையைப் பார்த்தார்.

"உம் பேரச் சொன்னேன் தாயி. நீதான் பாக்காம வாழ மரத்தடியில போட்டுட்டேன்னு சொல்லிப்புட்டேன்."

பூவம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அழப் போயிருக்கிறாள் என்று நினைத்து அவர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் திரும்பி வந்தபோது ஒரு கையில் சிரட்டையும் மறு கையில் ஊசியும் இருந்தன. சிரட்டையில் சேங்கொட்டை மை. கறைபட்ட மூலையை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"புடிங்க."

இரண்டு கையாலும் பிடித்தார். சிலுவையையும் அதன் இரண்டு புள்ளியையும் விட்டுத் தள்ளி, பழுப்புக் கறையின் ஓரத்தில், அவள் ஒரு புள்ளி வைத்தாள். பக்கத்தில் இன்னொன்று வைத்தாள்.

"குத்தம் எம் பேர்லதான இருக்கு" என்றாள், முகத்தை நிமிர்த்தாமலே. "அப்ப துணியும் எம் பேர்லயே இருக்கட்டும்."

மாரிசாமியின் பார்வை துணியை விட்டு அவள் முகத்துக்குப் போனது.

"துணி தளருதுப்பா. வெறப்பா புடிங்க."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை இழுத்துப் பிடித்தார். அவள் மூன்றாவது புள்ளியை வைத்தாள்.